ஒரு குடத்துக்கு இருநூற்றைம்பது அமுக்கு

மார்ச் பதினைந்தாம் தேதி சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு, கூனிப்பாறைத்துறையில் கித்தேரியின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணலில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். பழைய படகு மோட்டாரை வாங்கிய கித்தேரி, அவளோடு கடலுக்குப் போகும் நாத்தனார் அமலோற்பவம், அமலோற்பவத்தின் இடுப்பில் இருந்த ஆறு மாதக் குழந்தை, மோட்டாரை விற்ற வடக்கத்தித் துறைக்காரர் ராயப்பன், அதை ஏற்றி வந்த வேனின் டிரைவர், பக்கத்து வீட்டுத் தொம்மை, பிறகு நான். டிரைவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. குழந்தையைச் சேர்க்காமல் ஆறு என்று சொல்கிறவர்கள் உண்டு, ஆனால் அது கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் சேர்த்திருக்கிறேன்.

பழைய மோட்டார் எந்தத் துறைக்கு வந்தாலும் அதை முதலில் திறப்பது என் வேலை. எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. நாலு பேர் முன்னால் பேச வராது. எண்ணத் தெரியும், திருகாணியைக் கழற்றின வரிசையில் வைத்து அதே வரிசையில் பூட்டத் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான், மரச் சட்டத்தில் மோட்டாரைத் தொங்கவிட்டு, அடியில் தகரத் தட்டை வைத்து, கியர் பெட்டியின் கீழ்த் திருகாணியை முதலிலும் மேல் திருகாணியைப் பிறகும் கழற்றினேன். பால் கலந்த மாதிரி ஆயில் வந்தால் உள்ளே கடல் புகுந்திருக்கிறது என்று பொருள். வந்தது தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. புது ஆயிலைக் கீழிருந்து மேல் துளை வழியும்வரை ஏற்றி, மேலே பூட்டி, பிறகு கீழே பூட்டினேன். கார்புரேட்டரைக் கழற்றி, பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகப் பிடித்திருந்ததைச் சுரண்டி, ஜெட் துளையில் ஊதி, சூரியனுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. மிஞ்சியது பில்டர்.

பில்டர் என்பது ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம். டாங்கிலிருந்து எண்ணெய் ஓஸ் குழாய் வழியாக வந்து, நடுவில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கும்போது இந்தக் கிண்ணத்தில் இறங்கி, அழுக்கையும் தண்ணீரையும் அடியில் விட்டுவிட்டு மோட்டாருக்குப் போகும். அடியில் சேர்ந்ததை வெளியே விட ஒரு திருகாணி உண்டு. கிண்ணத்தின் வாயில் இருந்த வாஷர் மூன்று இடத்தில் வெடித்திருந்தது. கிண்ணம் நிறையத் தண்ணீர் நின்றது.

“தண்ணி கிடக்கே” என்றாள் கித்தேரி.

“பழைய மோட்டார்னா கொஞ்சம் கிடக்கும்த்தா” என்றார் ராயப்பன். “தொறந்து விடுங்க, போயிரும்.”

திறந்து விட்டேன். அறுபது மில்லி. பூட்டிவிட்டு பல்பை ஒருமுறை அமுக்கினேன், கிண்ணம் திரும்ப நிறைந்தது. திறந்தேன், அறுபது மில்லி. பதினொரு முறை அப்படிச் செய்த பிறகு ஓஸை டாங்கிலிருந்து பிடுங்கி, அதன் வாயை வெறும் மணலில் போட்டுவிட்டு அமுக்கினேன். அறுபது மில்லி வந்தது. தொம்மை ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தான். அவன் வாய் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும் வாய். அன்றைக்கு மூன்று விரல் நனைத்து வைத்த பிறகுதான் பேசினான்.

“மச்சான், இது நல்ல தண்ணி. லேசா மண்ணெண்ணெ வாடை அடிக்கி. மத்தபடி நல்ல தண்ணி.”

நல்ல தண்ணீர் என்ற சொல்லுக்கு எங்கள் துறையில் அப்போது என்ன எடை என்பதைச் சொல்ல வேண்டும். வீடுகள் நூற்றுப் பன்னிரண்டு, கிணறுகள் ஒன்பது, ஒன்பதிலும் உப்பு. எட்டு வருடமாக லாரியில் வரும் தண்ணீரைத்தான் குடித்தோம். அந்த லாரியை இரண்டு வருடமாக ஓட்டியது, எங்கள் கரையில் கப்பல் துறைமுகம் கட்ட வந்த கம்பெனி. கரையை அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் நூற்றுப் பன்னிரண்டில் எண்பத்து நான்கு வீடுகள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், மே ஐந்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள். போட்டுவிட்டால் முதலில் இடிவது கடலைப் பார்த்த முதல் வரிசை, அதிலும் முதலாவது கித்தேரியின் வீடு, அவள் படகை இழுத்துப் போடும் மணல். ஜனவரியில் நாற்பத்தொரு வீடுகள் போட்டிருந்தன. பிப்ரவரி முதல் தேதி கம்பெனி, கையெழுத்துப் போடாத வீடுகளுக்கு லாரித் தண்ணீர் இல்லை என்றது. மார்ச் பதினைந்துக்குள் நாற்பத்தொன்று அறுபத்தொன்பதாகியிருந்தது. மீதி நாற்பத்து மூன்று வீடுகளும் மூன்று கிலோமீட்டர் நடந்து பக்கத்து ஊர்த் தோட்டங்களில் கெஞ்சி எடுத்துக் குடித்தன. தொம்மை போட்டது ஏழாவது கையெழுத்து. கித்தேரி போடவில்லை.

ராயப்பன் நேர்மையானவர். “கெட்ட மோட்டார வித்துட்டேன்னு பேரு வேண்டாம், திரும்ப ஏத்திட்டுப் போறேன்” என்றார்.

கித்தேரி குனிந்து, கிண்ணத்தடியில் கையேந்தி, குடித்தாள். அமலோற்பவத்தைக் குடிக்கச் சொன்னாள். பிறகு குழந்தையின் உதட்டில் ஒரு சொட்டு விட்டாள், அது சப்புக் கொட்டியது.

“மோட்டாரு இங்கயே கெடக்கட்டும்” என்றாள். “மாமா, அந்த வாஷர இப்போதைக்கு மாத்தாதீங்க.”

வெடித்த வாஷரை அப்படியே விட்டுவிட்டுப் போவது எனக்குச் செருப்பில் கல் கிடப்பது போல. ஆனாலும் விட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து வரிசை நின்றது. ஓர் அமுக்குக்கு அறுபது மில்லி, ஒரு குடம் பதினைந்து லிட்டர், ஆகவே ஒரு குடத்துக்கு இருநூற்றைம்பது அமுக்கு. அவரவர் குடத்தை அவரவர் அமுக்கிக்கொள்ள வேண்டும் என்றும், கிழடுகட்டைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் வரிசையில் அடுத்து நிற்பவர் அமுக்க வேண்டும் என்றும், வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு குடம் என்றும் கித்தேரி விதி வைத்தாள். எண்ணுவதற்கு என்னை உட்கார வைத்தார்கள். வாயைத் திறக்காமல் செய்கிற வேலை என்பதால் எனக்கும் பிடித்திருந்தது. நாற்பத்து மூன்று குடம், பத்தாயிரத்து எழுநூற்றைம்பது அமுக்கு, காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்கு முடிந்துவிடும்.

முதல் வாரம் பிள்ளைகள் வாடையைச் சொல்லி முகத்தைத் திருப்பினார்கள், இரண்டாம் வாரம் தோட்டத்துத் தண்ணீரைக் கொடுத்தால் சப்பென்று இருக்கிறது என்றார்கள். மோட்டார் தண்ணீரில் போட்ட காப்பிக்கு இரண்டு சுக்கு கூடுதலாக வேண்டும் என்பதும், சோறு வடித்தால் வாடை கஞ்சியோடு போய்விடும் என்பதும், அந்தத் தண்ணீரை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் தீப்பிடிக்கும் என்பது பொய் என்பதும் பெண்களுக்குப் பத்து நாளில் தெரிந்துவிட்டது. வலது கையில் பெருவிரலுக்குக் கீழே எல்லோருக்கும் ஒரே இடத்தில் காய்ப்பு வந்தது. பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் பெண்ணின் கையைப் பார்த்து, துடுப்புப் போடுமா என்று கேட்டார்கள், தண்ணி எடுக்கும் என்று பெண்ணின் தாய் சொன்னாள். பல்புகள் தேய்ந்து வெடித்தன, நான் மூன்று பல்பும் இரண்டு ஓஸும் மாற்றினேன், வாரம் ஒருமுறை கியர் ஆயிலைத் திறந்து பார்த்துப் பூட்டினேன். அது தேன் நிறமாகவே இருந்தது.

பங்குச் சாமியார் இதைப் புதுமை என்றோ அற்புதம் என்றோ சொல்லவுமில்லை, இல்லை என்று சொல்லவுமில்லை. மேற்றிராணியாரான பிஷப்புக்கு எழுதினால் பதில் வர மூன்று வருடம் ஆகும், அதுவரை குடிக்கிறவர்கள் குடிக்கட்டும் என்றார். பெரிய வியாழன் அன்று பன்னிரண்டு பேர் பாதம் கழுவ ஒரு குடம் கேட்டு வாங்கிக்கொண்டார், அதற்கும் இருநூற்றைம்பது அவரேதான் அமுக்கினார். அன்று பூசை முடியும்வரை கோயிலில் இருபத்து நான்கு பாதங்களின் மண்ணெண்ணெய் வாடை நின்றது. பெரிய வெள்ளிக்கிழமை மோட்டாரை அமுக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. சிலுவையில் தொங்கினவரே தாகமாயிருக்கிறது என்றுதானே சொன்னார் என்று அமலோற்பவம் கேட்டாள். அமுக்கினோம்.

இந்த நாட்களில் கித்தேரிக்குக் கடல் இல்லை. அவளிடம் இருந்தது அந்த ஒரு மோட்டார், தண்ணீர் தருகிற மோட்டார் படகைத் தள்ளாது. துறையில் கடலுக்குப் போகிற பெண்கள் அவளும் அமலோற்பவமும்தான், அதைப் பிடிக்காதவர்களும் துறையில் இருந்தார்கள். அவர்களில் சிலர்கூடக் கரைக்கு வந்ததும் கூடையில் ஒரு கை மீனை அள்ளி அவள் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். ஒருமுறை நண்டு மட்டுமாக ஏழு பேர் வைத்துவிட, அவள் வாசலில் எண்பத்தோரு நண்டுகள் நடந்துகொண்டிருந்தன.

மார்ச் பதினைந்துக்குப் பிறகு ஒரு கையெழுத்துகூடக் கூடவில்லை. கம்பெனி ஆபீசர் பால்வண்ணன் ஒரு நாள் வந்து பார்த்தார். சத்தம் போடாத, சட்டை கசங்காத மனிதர். ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு வாரம் கழித்து ஒரு தாளோடு வந்தார்.

“இதுல எண்ணெய் கலந்திருக்கு. சட்டப்படி இது தண்ணீர் இல்ல, கழிவு” என்றார்.

“அப்ப நல்லதாப் போச்சு சார்” என்றான் தொம்மை. “கழிவுக்கு யாரும் லைசன்ஸ் கேக்க மாட்டாவ.”

ஏப்ரல் இரண்டாம் தேதி கம்பெனி வேறு வழியில் வந்தது. எண்பத்து நான்கு சேரும்வரை கையெழுத்துப் போட்டவர்களுக்கும் லாரி கிடையாது என்று சொல்லிவிட்டது. போட்டவர்கள் போடாதவர்களின் கழுத்தைப் பிடிப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. மறுநாள் காலை வரிசையின் கடைசியில், குடத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, அறுபத்தொன்பது வீட்டுக்காரர்களில் இருபது பேர் நின்றார்கள். முன்னால் தொம்மை.

 அமலோற்பவம் கித்தேரியைப் பார்த்துத் திரும்பினாள்.

“மைனி, இவங்களுக்கா? நம்ம வீட்ட இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவங்களுக்கா?”

கித்தேரி தொம்மையைப் பார்த்தாள். “எதுக்குவே போட்டீரு?”

“பயந்துட்டேன்” என்றான் தொம்மை. அவன் அப்படி ஒரே சொல்லில் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு அவனுக்கே அது பொறுக்காமல், “ஏழாவது ஆளா போட்டா ராசின்னும் ஒருத்தன் சொன்னான்” என்றான்.

“மாமா, நூத்திப் பன்னெண்டு வீட்டுக்கு எத்தன அமுக்கு?”

“இருபத்தெட்டாயிரம்” என்றேன். “ஆறு மணிக்கு ஆரம்பிச்சா மூணு மணிக்கு மேல ஆவும்.”

“அமுக்குங்க” என்றாள் கித்தேரி அவர்களிடம். “எங்க குடத்தையும் சேத்து அமுக்குங்க. கையெழுத்துப் போட்ட கை வலிக்கட்டும்.”

இருபத்தேழு நாள் அந்தக் கைகள் வலித்தன. எல்லாக் கையிலும் அதே இடத்தில் காய்ப்பு வந்தது, யார் போட்டவர் யார் போடாதவர் என்று உள்ளங்கையைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போனது.

இனி என் தவறு. மே முதல் தேதி உழைப்பாளர் சூசையப்பர் திருநாள். துறையில் உள்ள முப்பத்தெட்டு மோட்டாரும் முந்தின நாளே கோயில் முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். ஒவ்வொன்றையும் திறந்து, துடைத்து, கியர் ஆயில் மாற்றி, எண்ணெய் ஓடும் வழியில் உள்ள நாலு ரப்பரையும் புதிதாகப் போட வேண்டும். பில்டர் கிண்ணத்தின் வாஷர் ஒன்று, பல்பின் இரண்டு பக்க வளையங்கள் இரண்டு, கார்புரேட்டர் வாயில் ஒன்று. பழைய ரப்பரோடு எந்த மோட்டாரும் சூசையப்பர் முன்னால் நிற்காது. கழற்றிய பழைய ரப்பரை எல்லாம் ஒரு இரும்புச் சட்டியில் போட்டு, செபம் சொல்லி, எரித்துவிடுவார்கள். மோட்டார்கள் கட்டுமரங்களின் வாலில் ஏறிய வருடத்திலிருந்து எங்கள் துறையில் இது வழக்கம். நடுக்கடலில் ரப்பர் விட்டுப்போய்ச் செத்தவர்கள் எங்களில் ஒன்பது பேர் உண்டு.

கித்தேரியின் மோட்டாரும் வந்தது. அதை வரிசையில் கடைசியாக வைத்தார்கள், மாலை போட்டார்கள், அதைத் திறக்கக் கூடாது என்று எல்லோரும் எனக்குச் சொன்னார்கள், நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். முப்பத்தெட்டுக்கு நாலு வீதம் நூற்றைம்பத்திரண்டு ரப்பர் முன்பே வாங்கியிருந்தேன். நாலு மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். காலை ஆறரைக்கு உட்கார்ந்தவன் மாலை நாலரைக்குத்தான் நிமிர்ந்தேன். சட்டியில் தீ வைத்துவிட்டார்கள். ரப்பர் புகை கோயில் கோபுரம்வரை போயிற்று. நான் மிஞ்சிய நாலு ரப்பரை எடுத்துவைக்கப் பையைத் திறந்தேன்.

பையில் ஒன்றும் இல்லை.

பையை உதறினேன். மடியைப் பார்த்தேன். பிறகு மோட்டார்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன், முப்பத்தேழு வரை பார்க்கும்போதும் என் கணக்கு தப்பு என்று நம்பினேன். முப்பத்தெட்டாவதின் கிண்ணத்தில், மாலைக்குக் கீழே, புது வாஷர் கறுப்பாக, ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. முப்பத்தேழு மோட்டாரைச் செய்த கை அடுத்ததையும் செய்திருக்கிறது. ஓஸைக் கையில் எடுத்து பல்பை ஒருமுறை அமுக்கினேன். காற்று வந்தது. வெடித்த பழைய வாஷர் சட்டியில் எரிந்துகொண்டிருந்தது.

எரிகிற சட்டியில் கைவிடப் பார்த்தேன் என்று தொம்மை பிறகு சொல்லித் திரிந்தான். அது மிகை. சட்டிக்குப் பக்கத்தில் போனேன், அவ்வளவுதான்.

மறுநாள், திருநாளன்று, விடிந்ததும் வரிசை நின்றது. எனக்குப் பேச வராது என்று சொன்னேன். ஆனால் நூற்றுப் பன்னிரண்டு குடங்களுக்கு முன்னால் எழுந்து நின்று, “வாஷர மாத்திட்டேன். நாந்தான். தண்ணி வராது” என்று சொன்னேன். பொதுவில் நான் பேசிய முதல் பேச்சு அது.

  ஒவ்வொருவராக வந்து பல்பை அமுக்கிப் பார்த்தார்கள். முன்னூறு அமுக்குக்கு மேல் காற்றுதான்.

“ஏ மச்சான்” என்றான் தொம்மை, “ஒனக்குக் கை சும்மா இருக்காதா? சூசையப்பரு கேட்டாரா, புது ரப்பர் போடுன்னு?”

“நான் என்னடா செய்யட்டும் இப்போ?”

“ஒண்ணும் செய்யாத. ஒன் கைய மட்டும் மடியில கட்டி வை.”

கித்தேரி மோட்டாரின் பக்கத்தில் வந்து, புது வாஷரை விரலால் தடவிப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீடு, அவள் மணல். இன்னும் பதினைந்து கையெழுத்து விழுந்தால் போதும், நாள் ஐந்து.

“மாமா, எண்ணெ கலக்குங்க” என்றாள்.

“என்ன எண்ணெ?”

“மண்ணெண்ணெயும் ஆயிலும். மோட்டாரு சரியாயிட்டுல்லா? சரியான மோட்டார எதுக்குக் கரையில கெட்டித் தொங்கவிடணும்? நாப்பத்தேழு நாளா நான் கடலப் பாக்கல.”

“கித்தேரி, நான் செஞ்சது—”

“நீங்க ஒங்க வேலையச் செஞ்சீங்க. நான் என் வேலையச் செய்யப் போறேன். கம்பெனிக்காரன் அவன் வேலைய எப்படிச் செய்யுதான்னு பாத்துருவோம்.”

லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில் வீதம் இருபது லிட்டர் மண்ணெண்ணெய்க்கு எண்ணூறு மில்லி ஊற்றிக் கலக்கிக் கொடுத்தேன், கையைக் கட்டாமல். பல்பு மூன்றாம் அமுக்கில் இறுகியது. முதலில் கொஞ்சம் பெட்ரோலில் விட்டோம், கயிற்றை ஒரே இழுப்பு, மோட்டார் பிடித்துக்கொண்டது. அவ்வளவு சுத்தமான சத்தத்தை நான் அந்த வருடத்தில் கேட்கவில்லை. கித்தேரியும் அமலோற்பவமும் படகைத் தள்ளி ஏறி, கம்பெனி தன் எல்லை என்று கடலில் மிதக்கவிட்டிருந்த மஞ்சள் பீப்பாய்கள் பன்னிரண்டையும் ஒன்றுவிடாமல் சுற்றி, ஒவ்வொரு இரண்டு பீப்பாய்க்கும் இடையே ஒரு நண்டு வலையை இறக்கிவிட்டு வந்தார்கள். இரண்டாம் தேதியும் போனார்கள், மூன்றாம் தேதியும் போனார்கள். வந்த நண்டை வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். போட்ட வீடு, போடாத வீடு என்று பார்க்கவில்லை.

தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. சேர்த்து வைத்திருந்தவர்கள் சேர்க்காதவர்களுக்கு டம்ளரால் அளந்தார்கள். பக்கத்து ஊர்த் தோட்டங்களின் கேட்டுகளில் புதுப் பூட்டுகள் தொங்கின, பூட்டை யார் வாங்கிக் கொடுத்தது என்று தோட்டக்காரர்கள் சொல்லவில்லை. பிள்ளைகள் உப்புக் கிணற்றைக் குடித்து வாந்தி எடுத்தார்கள்.

நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் இரண்டு லாரித் தண்ணீர் நின்றது. பக்கத்தில் மேசை, மேசையில் தாள், நாற்காலியில் பால்வண்ணன், அவருக்குப் பின்னால் பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர். கையெழுத்துப் போட்ட வீட்டுக்கு நாளொன்றுக்கு நாலு குடம், இன்று போடுகிற வீட்டுக்கும் நாலு குடம், போடாத வீட்டுக்கு ஒன்றுமில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அறுபத்தொன்பது வீட்டார் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள், எங்களைப் பார்க்காமல், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாலைக்குள் நாலு வீடுகள் புதிதாகப் போட்டன. நாலிலும் கைக்குழந்தைகள் இருந்தன. அவர்கள் பெயரை நான் சொல்லமாட்டேன். நாலு ரப்பரை மாற்றிய என் கையைப் பார்த்துக்கொண்டேன். எழுபத்து மூன்று. இன்னும் பதினொன்று.

ஐந்தாம் தேதி காலையில் லாரிகள் திரும்ப வந்தன. முதல் ஆளாக நின்றவன் தொம்மை. நாலு குடங்களையும் பிடித்து, இரண்டு நடையாகச் சுமந்தான். வீட்டுக்குப் போகவில்லை. கித்தேரியின் வீட்டுக்கு முன்னால், முன்பு மோட்டார் தொங்கிய மரச் சட்டத்தின் அடியில், மணலில் வரிசையாக நாலையும் வைத்துவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு நின்றான். கித்தேரி வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“எதுக்குவே இங்க கொண்டு வச்சீரு?”

“நேத்து நாலு குடம் கொண்டு போனேன்லா” என்றான் தொம்மை. “என் பெஞ்சாதி அதுல உல வைக்க மாட்டேங்கா. மண்ணெண்ணெ வாடை இல்லாத தண்ணியில எனக்குச் சமைக்கத் தெரியாதுங்கா. நாலு குடத்தையும் பாத்துக்கிட்டு ரெண்டு பேரும் தாகத்தோட உக்காந்திருக்கோம். இது என்ன பொழப்பு.”

பால்வண்ணன் பின்னாலேயே வந்துவிட்டார். அவர் சட்டை அன்றும் கசங்கவில்லை.

“இது உங்க வீட்டுக்குன்னு கொடுத்தது” என்றார்.

“ஆமா சார், என் வீட்டுக்குத்தான். என் தண்ணிய நான் குளிப்பேன், கீழ கொட்டுவேன், கித்தேரிக்குக் குடுப்பேன். குடுக்கக் கூடாதுன்னு எந்தத் தாள்ல இருக்கு? காட்டுங்க, அதுலயும் கையெழுத்துப் போடுதேன்.”

“நீங்க சம்மதிச்சவரு.”

தொம்மை வலது உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினான். “கையெழுத்துப் போட்டது இந்தக் கைதான். பல்ப அமுக்கி இவ தண்ணியக் குடிச்சதும் இந்தக் கைதான். இதுல எது ஒமக்கு வேணும்னு சொல்லும், வெட்டித் தாரேன்.”

பால்வண்ணன் அந்தக் காய்ப்பைப் பார்த்தார், லாரியைத் திரும்பிப் பார்த்தார். கொடுக்கக் கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. எழுதத் தோன்றியிருக்காது. லாரியை நிறுத்துவதற்கும் வழியில்லை, கையெழுத்துப் போட்ட வீட்டுக்கு நாளொன்றுக்கு நாலு குடம் என்று முந்தின நாள் பத்திரிகைக்காரர்கள் முன்னால் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள்.

அதற்குள் இரண்டாவது ஆள் இரண்டு குடத்தோடு வந்துவிட்டான். மூன்றாவது ஒரு பெண், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று. பிறகு நான் எழுந்து என் இடத்தில் உட்கார வேண்டியதாயிற்று. ஒருவர் பின் ஒருவராக, தூரத்தில் லாரியடியில் நிரப்பி, முதல் வரிசை வீடுகளைக் கடந்து, மணலில் நடந்து வந்து, வைத்துவிட்டு, அடுத்த நடைக்குத் திரும்பிப் போனார்கள். பங்குச் சாமியார் நடக்க முடியாத ஒரு வீட்டுக்காரருக்காகச் சுமந்தார். முந்தின நாள் புதிதாகப் போட்ட நாலு வீட்டாரும் வந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு வந்து, வைத்துவிட்டு, குனியாமல் போனார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. யாரும் பாடவும் இல்லை. குடங்கள் கித்தேரியின் வாசலிலிருந்து கடல் நுரை தொடும் இடம்வரை போய், அங்கிருந்து மடங்கி, அவள் படகைச் சுற்றி, திரும்ப வந்தன. பிளாஸ்டிக்கில் பச்சையும் நீலமும் சிவப்புமாக, பித்தளையில் ஏழு, எவர்சில்வரில் முப்பத்தொன்று.

மேசையில் தாள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது, அதன்மேல் வைக்கக் கல் தேடிக் கொண்டு வந்தார்கள். ஒரு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. கையெழுத்துப் போட ஒருவரும் வரவில்லை. ஐந்து மணிக்கு கோயில் மணி அடித்ததும் பால்வண்ணன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, எழுபத்து மூன்று என்று தாளின் அடியில் எழுதி, லாரிகளின் பின்னால் போனார். அவர் இன்னொரு தாளோடு வருவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

“வரட்டும்” என்றாள் கித்தேரி. அவள் வலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். “மாமா, எண்ணியாச்சா?”

இரண்டு முறை எண்ணியிருந்தேன். எழுபத்து மூன்று வீடு, வீட்டுக்கு நாலு, இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு குடம். போட்டவர், போடாதவர், எல்லாம் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு இரண்டு வீதம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். இருநூற்று இருபத்து நான்கு போயிற்று. மணலில் மீதி நின்றது அறுபத்தெட்டுக் குடம், நாளைய வரிசைக்கு.